நடுக்கம் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வேட்டைக்கு உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் வைத்திருப்பவர்களும் மறுநடவுக் கன்றுகளுக்குக் காவல் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தக் கருவிகளைப் பற்றி இணையத்தில் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க மலைச்சரிவுகளிலும் வறண்ட வெட்டவெளிகளிலும் எடுத்தவை. அங்கே பொருந்துவதெல்லாம் இந்த வட்டாரத்து லாசா சாலைச் செம்பனைக்குள் (எண்ணெய்ப் பனைக்குள்) பொருந்தும் என்று எண்ணி வாங்கினால் பணம் போய்விடும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

செம்பனைக்குள்ளும் ரப்பர் மரத்துக்குள்ளும் பன்றி வேட்டை என்றால் ஸ்பாட்டிங் ஸ்கோப்பே வேண்டாம், நடுக்கம் நிறுத்தும் வசதி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்தப் பணத்துக்கு நடுக்கம் நிறுத்தும் 10 அல்லது 12 மடங்கு பைனாகுலர் வாங்குங்கள், அது தினமும் பயன்படும். மறுநடவு வெட்டவெளியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பார்ப்பவருக்கும், வெளிநாட்டு மலைக்கு வேட்டைக்குப் போகிறவருக்கும் பதில் வேறு. அது கீழே தனியாக இருக்கிறது.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்றால் என்ன? பைனாகுலரிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒற்றைக் குழல் கொண்ட தொலைநோக்கிதான் ஸ்பாட்டிங் ஸ்கோப். முன் லென்ஸ் பொதுவாக 50 முதல் 85 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை பெரிதாக்கும். ஒரு கண்ணால் பார்க்க வேண்டும், முக்காலியில் வைத்தே பார்க்க வேண்டும். பைனாகுலர் 8 முதல் 18 மடங்கு வரை இருக்கும், இரண்டு கண்ணாலும் கையில் பிடித்துப் பார்க்கலாம். பைனாகுலரால் தேடுவார்கள், தேடிக் கண்டதை ஸ்கோப்பால் ஆராய்வார்கள். தேடுகிற வேலைக்கு ஸ்கோப்பை எடுப்பவருக்கு அரை மணி நேரத்தில் கண் வலிக்கும்.

நடுக்கம் நிறுத்துவது எப்படி? உள்ளே என்ன நடக்கிறது?

எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் கை ஆடும். மூச்சாலும் நெஞ்சுத் துடிப்பாலும் மெதுவான ஆட்டம் ஒன்று, தசை நடுக்கத்தால் நொடிக்கு 10 தடவை அளவில் வேகமான ஆட்டம் இன்னொன்று. பெரிதாக்குவது பிம்பத்தை மட்டுமல்ல, ஆட்டத்தையும்தான். கை 0.1 பாகை நகர்ந்தால் 100 மீட்டரில் பார்வை 17 சென்டிமீட்டர் விலகும். 10 மடங்கில் கண்ணுக்கு அது ஒரு முழுப் பாகை, 20 மடங்கில் இரண்டு பாகை. பன்றியின் காது எங்கே, வால் எங்கே என்று பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

கருவிக்குள் இருக்கும் உணரிகள் ஆட்டத்தை அளக்கின்றன. எந்தப் பக்கம் ஆடியதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஒளியை வளைத்துப் பிம்பத்தை நிறுத்துகிறது கருவி. இதைச் செய்யும் முறைகள் வேறு வேறு.

கேனான் 1990களில் கொண்டுவந்த முறையில், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவம் நிரப்பிய வளையும் பிரிசம் இருக்கிறது. 10×30, 15×50, 18×50 எல்லாம் இந்த வகை (முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்). பின்னால் வந்த 32 மில்லிமீட்டர் கேனான்களில் லென்ஸே நகர்ந்து சரிசெய்கிறது. இந்த வகைகள் திருத்தும் கோணம் சிறியது, ஏறக்குறைய 1 பாகை. கை நடுக்கத்துக்கு அது தாராளம்.

ஃபுஜினான், கைட், சிக் சாவர் முதலிய நிறுவனங்களின் கருவிகளில் பிரிசம் தொகுதி முழுவதும் கிம்பல் என்ற இரட்டைச் சட்டத்தில் தொங்குகிறது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் நேராகத் தொங்கும் விளக்கு மாதிரி, உடல் அசைந்தாலும் பிரிசம் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். திருத்தும் கோணம் பெரியது. ஃபுஜினான் 14×40 டிஎஸ்-எக்ஸ் 5 பாகை வரை தாங்கும். படகுக்கும் ஓடும் வண்டிக்கும் செய்த வகை இது.

பேட்டரியே இல்லாத ஒன்றும் உண்டு. சைஸ் 20×60 எஸ் முழுக்க இயந்திர முறையில், ஸ்பிரிங்கும் காந்தமும் வைத்து வேலை செய்கிறது. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல், விலையும் அதற்கேற்றபடி. தோட்டத்துக்குள் தூக்கித் திரிய அது சரிப்படாது.

நடுக்கம் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. நிக்கான் 2010 வாக்கில் ஈடிஜி 85 விஆர் என்று 85 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை முக்காலியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காற்றில் முக்காலி ஆடுவதையும், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது வரும் நடுக்கத்தையும் குறைக்கவே அதில் அந்த வசதி. சிக் சாவரின் ஆஸ்கர்3 வேறு மாதிரி: 10 முதல் 20 மடங்கு, 30 மில்லிமீட்டர், உள்ளங்கையில் பிடிக்கும் அளவு. பெயர் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்றாலும் நடைமுறையில் அது ஒற்றைக்கண் பைனாகுலர்தான். 20 மடங்கில் அதன் ஒளிவட்டம், அதாவது கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர். நல்ல வெயிலில் மட்டும் உதவும்.

இந்தச் சந்தை ஏன் இவ்வளவு சின்னது என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். 40, 60 மடங்கில் கையில் பிடித்துப் பார்க்க எந்தத் தொழில்நுட்பமும் முழுதாக உதவாது. எப்படியும் முக்காலி வேண்டும். நல்ல முக்காலி வந்துவிட்டால் நடுக்கம் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். பிறகு எதற்கு எலெக்ட்ரானிக் சாமான்?

செம்பனைக்குள் எத்தனை மடங்கு தேவைப்படும்?

தோட்டத்தை வைத்தே கணக்குப் போடலாம். செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்படுகிறது. ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம். வளர்ந்த மரத்துக்குள் குலை வெட்டும் பாதையை ஒட்டி நின்றால் நேர்க்கோட்டில் 100, 150 மீட்டர் தெரியும். பக்கவாட்டில் 30 மீட்டரிலேயே மட்டைக் குவியலும் மரத்தண்டும் மறைத்துவிடும்.

18×50 பைனாகுலரின் பார்வைக் கோணம் 3.7 பாகை. அதாவது 100 மீட்டரில் ஆறரை மீட்டர் அகலம்தான் தெரியும், அடுத்தடுத்த இரண்டு மரம்கூட அடங்காது. 10×30-இல் 6 பாகை, 100 மீட்டரில் 10.5 மீட்டர் தெரியும். 60 மடங்கில் வைத்த ஸ்கோப்பில் ஏறக்குறைய 1 பாகை, 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். ஒரு பன்றி அடங்கும், அதுவும் அசையாமல் நின்றால். அது ஓரடி வைத்தால் போதும், பிறகு மட்டையும் புல்லும்தான் தெரியும், திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் ஆசாமி போயிருப்பார்.

சுடுகிற தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 12 போர் துப்பாக்கியில் எஸ்ஜி தோட்டாவை (பெரிய குண்டுகள் சில நிரப்பியது) 35, 40 மீட்டரைத் தாண்டினால் நம்பிச் சுடக்கூடாது. காயம்பட்ட பன்றி ஓடும், அதைத் தேடிப் புதருக்குள் போகிறவருக்கு ஆபத்து. ஆகவே இங்கே தூரப்பார்வை வேட்டையாடுவதற்கு அல்ல. எது, எங்கே, எத்தனை என்று 40 மீட்டருக்கு நெருங்கும் முன்பே தெரிந்துகொள்வதற்கு. அந்த வேலைக்கு 10 மடங்கு போதும்.

மறுநடவு இடங்களில்?

அங்கேதான் இந்தக் கருவிக்கு உண்மையான வேலை. நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பன்றி கன்றின் அடியைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிடும், ஒரே இரவில் வரிசையாகப் போகும். மண்ணை மூட வளர்க்கும் முக்குனாக் கொடி இடுப்பளவு ஏறிவிட்டால் பன்றியின் முதுகு மட்டும் ஓடையில் மிதப்பதுபோல் தெரியும், அல்லது கொடி அசைவது மட்டும் தெரியும். 300, 400 மீட்டர் வெட்டவெளியில் அந்த அசைவைப் பிடிக்கக் கை நிற்க வேண்டும். 12 மடங்கு நடுக்கம் நிறுத்தும் பைனாகுலரும் சாதாரண 12 மடங்கும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். பொத்தானை அழுத்தியதும் கொடியின் இலைகள் தனித்தனியாகப் பிரியும். அவற்றில் எது காற்றில் ஆடுகிறது, எது கீழிருந்து தள்ளப்படுகிறது என்றும் சொல்ல முடியும்.

எண்ணில் சொன்னால், நல்ல வெளிச்சத்தில் சாதாரணக் கண் 1 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரை பிரித்துப் பார்க்கும். 10 மடங்குக் கருவி முழுக்க ஆடாமல் நின்றால் 300 மீட்டரில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள விவரம் தெரியும். கை ஆடினால் அதில் பெரும்பகுதி போய்விடும். 10 மடங்கை நிறுத்திப் பார்ப்பது, 15 மடங்கை ஆட்டத்தோடு பார்ப்பதைவிட மேல் என்பதற்கு இதுதான் காரணம்.

விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் நன்றாகத் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பன்றி வெளியே வருவது மங்கிய வெளிச்சத்தில். நடுக்கம் நிறுத்தும் கருவிகளில் பெரும்பாலானவற்றின் முன் லென்ஸ் 25, 28, 30, 32 மில்லிமீட்டர்தான். இயந்திரமும் பேட்டரியும் இடம் எடுத்துக்கொள்வதால் எடை ஏறாமல் இருக்க லென்ஸைச் சின்னதாக்கிவிடுகிறார்கள்.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10×30-க்கு 3 மில்லிமீட்டர், 12×36-க்கும் 3, 16×42-க்கு 2.6, 18×50-க்கு 2.8, கேனான் 10×42 எல்-க்கு 4.2. இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், 55 வயதுக்காரருக்கு 5 அளவில் நின்றுவிடும். 3-க்கும் 4.2-க்கும் வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். பரப்பளவில் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி.

நம் ஊரில் பொழுது சாய்வதும் சட்டென்று நடக்கும். பேராக்கில் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7:35-க்கும் இடையில். மறைந்து 20, 22 நிமிடத்தில் அந்தி வெளிச்சம் முடிந்துவிடும். ஐரோப்பாவில் ஒரு மணி நேரம் நீளும் அந்தியை வைத்து எழுதும் விமர்சனங்கள் இங்கே உதவாது. செம்பனை நிழலுக்குள் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே 3 மில்லிமீட்டர்க் கருவியில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். வேட்டை நேரம் முக்கியமாக அந்தி என்றால் இரண்டே வழி: 10×42 மாதிரிப் பெரிய லென்ஸ் உள்ள நடுக்கம் நிறுத்தும் பைனாகுலர், இல்லையென்றால் நடுக்கம் நிறுத்தும் வசதியே இல்லாத நல்ல 8×42. பின்னது விலையும் குறைவு, ஒளிவட்டம் 5.25. எட்டு மடங்கில் கை ஆட்டமும் அவ்வளவாகத் தெரியாது. அந்தியில் மட்டும் போகிறவருக்கு எங்கள் தேர்வு 8×42-தான்.

இருட்டில்?

வேலை செய்யாது. கை நடுக்கத்தை நிறுத்தும் கருவி இது, ஒளியைப் பெருக்காது. இரவில் பார்ப்பதற்கான கருவிகள் வேறு இனம். உரிமத்தில் எந்த நேரம் வரை அனுமதி என்று அச்சிட்டிருக்கும், அதை முதலில் வாசியுங்கள்.

பன்றியா, வேறு ஏதாவதா என்று எப்படி உறுதி செய்வது?

கருவி வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. தோட்டத்துக்குள் குனிந்து அசையும் கறுப்பு உருவம் எதுவாகவும் இருக்கலாம்: உதிரிப் பழம் பொறுக்கும் ஆள், நேரம் தவறிப் பழம் வெட்ட வந்தவர், தள்ளுவண்டியோடு குனிந்து நிற்பவர், செம்பனைக்குள் மேயவிட்ட மாடு, சூரியக் கரடி, தாப்பிர். தாப்பிரும் சூரியக் கரடியும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. தாப்பிருக்கு இடுப்பில் வெள்ளைப்பட்டை இருந்தாலும் மங்கிய வெளிச்சத்தில் முன்பாதி மட்டும் புதருக்கு வெளியே தெரிந்தால் பெரிய பன்றி என்றே தோன்றும். அதன் குட்டிக்கும் பன்றிக்குட்டிக்கும் இரண்டுக்குமே உடலில் கோடு உண்டு.

பார்க்க வேண்டிய வரிசை: முதலில் கால். நான்கு கால் தெரியாமல் எதையும் பன்றி என்று சொல்லாதீர்கள். பிறகு மூக்கு: பன்றியின் மூக்கு நுனி தட்டையாக, மண்ணில் தள்ளிக்கொண்டே இருக்கும். தாப்பிரின் மூக்கு குட்டையான தும்பிக்கை மாதிரி கீழே வளையும். பிறகு முதுகு மயிர், கடைசியில் வால். பன்றி மேயும்போது வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், 10 மடங்கில் நிறுத்திப் பார்த்தால் 150 மீட்டரில் அந்த ஆட்டம் தெரியும். தாடிப்பன்றி தனி இனம். முகம் நீண்டு, தாடையில் வெளிறிய மயிர் அடர்ந்திருக்கும். உரிமத்தில் காட்டுப்பன்றி என்று எழுதியிருந்தால் காட்டுப்பன்றி மட்டும்தான்.

இன்னொன்று: படுத்தே கிடக்கும் பன்றியைக் கண்டால் கருவியிலேயே ஐந்து நிமிடம் பாருங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியானது, அந்த ஆண்டின் கடைசியில் தீபகற்பத்திலும் வந்துவிட்டது. மூச்சு அசைவே இல்லை, ஈ மொய்க்கிறது என்றால் கிட்டே போகவோ தொடவோ வேண்டாம். கால்நடை மருத்துவத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது, ஆனால் காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு பன்றிப் பண்ணைக்குப் போய்ச் சேரும்.

துப்பாக்கி மேல் பொருத்தலாமா?

கூடாது. எந்தப் பைனாகுலரும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் பின்னுதைப்பைத் தாங்கச் செய்யப்படவில்லை. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பால் இது என்ன என்று பார்ப்பதும் அதே அளவுக்குத் தவறு. பார்க்கிற பொருளை நோக்கித் துப்பாக்கி வாய் நீண்டிருக்கும், அது ஆளாக இருந்தால்?

முக்காலி வாங்கினால் போதாதா?

ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்குப் போதும், இன்னும் நல்லதுகூட. பேட்டரி தீராது, கை வலிக்காது, எத்தனை மடங்கும் போகலாம். நடந்துகொண்டே பார்ப்பவருக்கு முக்காலி சுமை. பாரிட் (வடிகால்) தாண்டி, மட்டைக் குவியல் ஏறி, மோட்டார் சைக்கிளில் போய் நின்று, முக்காலியை விரித்து முடிக்கிறதுக்குள் பார்க்க வேண்டியது போய்விடும். நடுவழியாக ஒற்றைக்கால் தடி இருக்கிறது. சாதாரண 10×42-ஐ அதில் பொருத்தினாலே ஆட்டத்தில் பெரும்பகுதி அடங்கும்.

முக்காலியில் வைத்துவிட்டால் பைனாகுலரின் நடுக்கம் நிறுத்தும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஆட்டமே இல்லாதபோது உணரிகள் இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் பார்க்கும், பிம்பம் தானாக மெல்ல நகரும்.

ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்கலாமா?

என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். டீசல் என்ஜின் அதிர்வு கை நடுக்கத்தைவிட வேகமானது, கைக்கென்று செய்த கருவிகள் அதை முழுக்கப் பிடிக்காது. கதவு விளிம்பில் கருவியை ஊன்றினால் அதிர்வு நேராக உள்ளே போகும். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முதுகை இருக்கையில் சாய்த்துப் பாருங்கள். வண்டி ஓடும்போதே பார்க்க வேண்டும் என்றால் பெரிய கோணம் திருத்தும் கிம்பல் வகைதான்.

கிம்பல் வகையில் தலைசுற்றுகிறது என்கிறார்களே?

சிலருக்குச் சுற்றும். பெரிய கோணம் திருத்தும் கருவி, நீங்கள் வேண்டுமென்றே திரும்புவதையும் ஆட்டம் என்று நினைத்து முதலில் தடுக்கும், பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். ஓடும் பன்றியைப் பின்தொடரும்போது பிம்பம் நீந்துகிற மாதிரி இருக்கும். பின்தொடரும்போது நடுக்கம் நிறுத்துவதை அணைத்து, பன்றி நின்ற பிறகு மறுபடி பொத்தானை அழுத்துங்கள். கடையில் வாங்கும்போதே சாலையில் போகும் லாரி ஒன்றை இடமிருந்து வலமாகத் தொடர்ந்து பாருங்கள். தலை கனத்தால் அந்த வகை உங்களுக்கு வேண்டாம்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

கருவிக்குக் கருவி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கேனான் 10×30 ஐஎஸ் இரண்டாம் பதிப்பு இரண்டு ஏஏ அல்கலைன் பேட்டரியில் சுமார் 9 மணி நேரம் ஓடும். 10×42 எல் அதே இரண்டு பேட்டரியில் இரண்டரை மணி நேரம்தான். பொத்தானை அழுத்திப் பார்க்கும் நேரம் மட்டுமே கணக்கு என்பதால், ஒரு காலை வேட்டைக்கு இரண்டுமே தாங்கும். சில மாதிரிகளில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிலவற்றில் ஒருமுறை அழுத்தினால் சில நிமிடம் ஓடித் தானே அணையும். கைட் ஏபிசி வகை, கழுத்தில் தொங்கவிட்டால் சாய்வை வைத்துத் தானே அணைந்துகொள்ளும்.

இங்கே பேட்டரி தீர்வதைவிட ஒழுகுவதுதான் தொல்லை. ஈரக்காற்றில் மாதக்கணக்காக உள்ளே விட்டால் அல்கலைன் கசிந்து முனைகளில் பச்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி பல மாதிரிகளில் ஓடும், கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்தாலும் பெரும்பாலானவை சாதாரண பைனாகுலராக வேலை செய்யும், கொஞ்சம் கனமான பைனாகுலராக.

மழைக்கும் ஈரத்துக்கும் தாங்குமா?

எல்லாம் தாங்காது. கேனான் 10×30-க்கு நீர்க்காப்பு இல்லை. 10×42 எல் நீர்க்காப்பு உள்ளது. 15×50, 18×50 மழைத்தூறலைத் தாங்கும். பிற்பகல் இடிமழைக்குப் பேர்போன ஊரில் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

மழையைவிடப் பெரிய எதிரி பூசணம். லென்ஸ்மேல் சிலந்தி நூல் மாதிரிப் படர்ந்து, பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத நைட்ரஜன் நிரப்பிய கருவிக்குள் அது எளிதில் போகாது. நீர்க்காப்பு இல்லாத கருவியில் ஒரு மழைக்காலம் போதும். தடுக்கும் வழி சாதாரணமானது. வந்ததும் உறையிலிருந்து எடுத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் பட்ட உறையை வெளியே காயப்போடுங்கள். பிறகு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். உலர்பெட்டி இல்லாவிட்டால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் 100, 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் குறைந்த சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள். தோல் உறைக்குள்ளேயே பூட்டி அலமாரியில் வைப்பது பூசணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

வெயிலில் காரின் டாஷ்போர்டில் விடாதீர்கள். ரப்பர் உறை பிசுபிசுத்துப் போகும், பழைய கருவிகளில் இது சகஜம்.

மதிய வெயிலில் எல்லாம் அலை அலையாகத் தெரிகிறதே, கருவி பழுதா?

பழுது இல்லை. வெறும் மண்ணிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் எழும் சூட்டுக்காற்று அது. காற்றே பிம்பத்தை வளைக்கிறது, கருவி அதைத் திருத்தாது. மறுநடவு நிலத்தில் காலை 10 மணிக்குப் பிறகு 30 மடங்குக்கு மேல் போட்டாலும் கூடுதலாக ஒன்றும் தெரியாது. ஜெரெபு (புகைமூட்டம்) வரும் மாதங்களிலும் அதே கதை.

கண்ணாடி போடுகிறவர்கள்?

முழு வட்டமும் தெரியக் கண் லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். ரப்பர்க் கிண்ணத்தை மடித்துவிட்டுக் கண்ணாடியோடு பாருங்கள். ஓரம் முழுக்கத் தெரிந்தால் வாங்கலாம்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாங்கும்போது கடைக்கு உள்ளே சோதிக்காதீர்கள், வாசலுக்கு வாருங்கள்.

முதலில் நடுக்கம் நிறுத்தாமல், இடது கண்ணுக்கு நடு வளையத்திலும் வலது கண்ணுக்குத் தனி வளையத்திலும் ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரியாக வைக்காமல் கருவி மங்கல் என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. 200 மீட்டருக்கு அப்பால் ஒரு பெயர்ப்பலகையைப் பிடியுங்கள். எழுத்தை வாசிக்க முயலுங்கள். இப்போது பொத்தானை அழுத்துங்கள். ஒரு நொடிக்குள் பிம்பம் படிய வேண்டும், அதுவரை வாசிக்க முடியாத எழுத்து வாசிக்கும்படி ஆக வேண்டும். அழுத்தும்போது பிம்பம் ஒரு பக்கம் குதித்து அங்கேயே நின்றால், அல்லது நிற்காமல் ஒரு திசையில் மெல்ல ஊர்ந்துகொண்டே போனால் வேண்டாம். பிம்பம் விட்டு விட்டுக் கொஞ்சம் மங்கித் தெளிவதும் சில மாதிரிகளில் உண்டு. லேசாக இருந்தால் அது அந்த வகையின் இயல்பு, தொடர்ந்து மங்கினால் பழுது.

இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதை ஒரு கம்பத்தின் உச்சியை வைத்துச் சோதியுங்கள். பொத்தான் அழுத்தியும் அழுத்தாமலும் இரட்டையாகத் தெரியக்கூடாது. கீழே விழுந்த கருவியில் முதலில் கெடுவது இதுதான்.

இரண்டாம் கைக் கருவி என்றால் முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து, கண் பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். பூசணம் இருந்தால் கிளைத்த நூல் தெரியும். பேட்டரி முனையில் பச்சை இருக்கிறதா பாருங்கள். 15 ஆண்டுக்கு மேற்பட்ட கருவிக்குப் பாகம் கிடைப்பது சந்தேகம். திரவப் பிரிசத்தை நம் ஊர்க் கடைகளில் யாரும் பழுது பார்க்க மாட்டார்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டாலே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். சில கிம்பல் வகைகள் அணைந்திருக்கும்போது லேசாகச் சத்தம் போடும்.

பிடிக்கும் முறை ஏதாவது உண்டா?

உண்டு. கருவி ஒரு பாகைதான் திருத்தும் என்றால் மீதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்து முழங்காலில் ஊன்றுங்கள். கண்கிண்ணத்தைப் புருவத்தோடு லேசாக அழுத்துங்கள். முதலில் வெறுங்கண்ணால் இடத்தைப் பார்த்து, கண்ணை எடுக்காமலே கருவியைத் தூக்குங்கள். பிம்பம் கிடைத்து, ஃபோகஸ் ஆன பிறகுதான் பொத்தான். தேடும்போதே அழுத்திவைத்தால் பேட்டரியும் வீண், பிம்பமும் நீந்தும்.

தூரப்பார்வைக் கருவி வைத்திருக்க உரிமம் வேண்டுமா?

பைனாகுலருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் வேண்டாம். வேட்டைக்கு வேண்டும்: தீபகற்பத்தில் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம், துப்பாக்கிக்கு 1960 ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் உரிமம், நிலத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் போகாதீர்கள்.

அப்படியானால் ஸ்பாட்டிங் ஸ்கோப் யாருக்குத்தான் உதவும்?

நியூசிலாந்தில் தார் என்ற மலையாட்டு வேட்டைக்குப் போகிறவருக்கு. அங்கே எதிர்மலையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்கு கிடாயா, பெட்டையா, கொம்பு எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் நாள் முழுக்க ஏறுவதா என்று முடிவு செய்வார்கள். 65 அல்லது 80 மில்லிமீட்டர் ஸ்கோப்பும் உறுதியான முக்காலியும் அந்த வேலைக்குத்தான். அங்கேயும் தேடுவதற்குக் கழுத்தில் பைனாகுலர்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் துப்பாக்கி இல்லாமல் பார்க்கிறவர்களுக்கும் உதவும். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் காம்பிங் குருன் என்ற மலையாட்டை அடிவாரச் சாலையிலிருந்து பார்க்க 30 மடங்கு வேண்டும். அது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு, பார்ப்பதோடு சரி. மார்ச் மாதம் மலாக்காவின் தஞ்சோங் துவான் கடல்முனையில் வலசை போகும் கழுகுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. வானத்தில் வட்டமிடும் பறவையைத் தொடர ஸ்கோப் தோதுப்படாது, 10 அல்லது 12 மடங்கு நடுக்கம் நிறுத்தும் பைனாகுலர் கச்சிதமாக இருக்கும்.

ஏற்கெனவே நல்ல 10×42 இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

அவசரம் இல்லை. முதலில் ஒற்றைக்கால் தடி ஒன்றும் அதற்கான பொருத்தியும் வாங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மறுநடவில் 300 மீட்டருக்கு அப்பால் பார்க்க முடியவில்லை என்றாலோ, வயதாலோ நோயாலோ கை நடுக்கம் கூடுதலாக இருந்தாலோ மாற்றலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி செய்யும் உதவி மற்றவர்களுக்குச் செய்வதைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் மடங்கைக் கூட்டாமல் 10-இலேயே நிற்பது நல்லது. பழைய 10×42-ஐ விற்றுவிடாதீர்கள், அந்திக்கு அதுதான் வேண்டும்.